வாரியலுக்கு ஒரு சுவர்த் தாங்கி: நாகர்கோவில் வீடொன்றில் செய்து பார்த்தது

வீடு நாகர்கோவிலில் இருக்கிறது. ஓட்டு வீட்டோடு பின்னால் கான்கிரீட் போட்டு நீட்டிய அடுக்களை, அதற்குப் பின்னே துவைகல், கிணறு, முற்றம். அத்தையும் மாமாவும் மட்டும் இருக்கிறார்கள். பெருக்கித் துடைக்க ஒரு அக்கா காலையில் வந்து போவார். துடைப்பங்கள், இந்த ஊர்ப் பேச்சில் வாரியல்கள், எல்லாம் பின்வாசல் கதவுக்குப் பின்னால் மூலையில் சாத்திக் கிடந்தன. ஒன்றை எடுத்தால் மூன்று விழும். அதற்குச் சுவரில் மாட்டும்படி ஏதாவது செய்துதரச் சொன்னார்கள். கேட்டபோது ஒரு மணி நேர வேலையாகத்தான் தெரிந்தது.

என்னென்ன இருந்தன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் பெருக்க ஒரு பூ வாரியல். மேகாலயா, அசாம் மலைப் பக்கத்திலிருந்து வரும் புல்லின் பூங்கதிரைக் கட்டியது, பிளாஸ்டிக் பிடி போட்டது. முற்றத்துக்குத் தென்னை ஈர்க்கில் வாரியல். துவைகல் பக்கம் தண்ணீர் தள்ள இன்னொரு ஈர்க்கில் வாரியல், இது தேய்ந்து பாதியானது. கழிவறைக்கு மூன்றாவது, கட்டையாகத் தேய்ந்தது. அப்புறம் அலுமினியக் குழாய் போட்ட வைப்பர், நூல் மாப், ஒட்டடைக் கம்பு, குப்பை அள்ளும் பிளாஸ்டிக் முறம்.

மூன்று ஈர்க்கில் வாரியலும் ஒரே பொருள்தான், வயதுதான் வேறு. புதிதாக வாங்கியது முற்றத்துக்கு. நுனி தேய்ந்ததும் துவைகலுக்கு. அதற்கும் ஆகாமல் போனால் கழிவறைக்கு. அங்கிருந்து திரும்பி வர வழி கிடையாது. எத்தனையோ வீட்டில் இதுதான் வழக்கம் என்றாலும், கடையில் விற்கும் எந்தத் தாங்கியும் இதைக் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் மாட்டச் சொல்கிறது. கழிவறை வாரியல் பூ வாரியலுக்குப் பக்கத்தில் தொங்குவதை அத்தை ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டார், அதில் அவர் பக்கம்தான் நியாயம்.

ஏற்கெனவே ஒரு தாங்கி இருந்தது

ஆன்லைனில் வாங்கிய ஐந்து வாய் உள்ள பிளாஸ்டிக் தாங்கி ஒன்று ஏற்கெனவே சுவரில் இருந்தது. இந்த வகையை எல்லோரும் பார்த்திருப்போம். ஒவ்வொரு வாயிலும் இரண்டு ரப்பர் உருளைகள், கீழே போகப் போகக் குறுகும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கம்பைக் கீழிருந்து மேலே தள்ளி விட்டால், கம்பின் எடை உருளைகளைக் கீழே இழுக்கும். பள்ளம் குறுகுவதால் உருளைகள் கம்பை இறுக்கிப் பிடிக்கும். எடை கூடினால் பிடியும் கூடும். மேலே தூக்கினால் விட்டுவிடும். சுருள் வில்லோ திருகோ எதுவும் தேவையில்லாத, கெட்டிக்கார ஏற்பாடு.

ஆனால் அது நம்பியிருப்பது உராய்வை. உருளைக்கும் கம்புக்கும் நடுவே உராய்வு போதுமான அளவு இருந்தால்தான் உருளை உருண்டு கீழே இறங்கி இறுகும். வழவழப்பான அலுமினியக் குழாய், அதன்மேல் சோப்புத் தண்ணீர் என்றால் உருளை உருளாது, கம்பு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதில் மாட்டிய வைப்பர் விழுந்ததற்கு இதுதான் காரணம். ஈர்க்கில் வாரியலோ வாய்க்குள்ளேயே போகாது. உருளைகள் ஏற்பது விரல் பருமனுக்குக் கொஞ்சம் மேலே உள்ள கம்புகளை. வாரியலின் கட்டு அளந்தால் 50 மி.மீ. வருகிறது.

இந்தத் தாங்கி, நீளக் கைப்பிடி உள்ள துடைப்பத்துக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் அறையைச் சுற்றிலும் சுவரில் மரக் குச்சிகள் அடித்து, நாற்காலியிலிருந்து துடைப்பம் வரை எல்லாவற்றையும் அதில் மாட்டிவைத்தார்கள். தட்டையாகத் தைத்த துடைப்பத்தை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியதும் அவர்களில் ஒருவர்தான் என்று சொல்வதுண்டு. நின்றுகொண்டு பெருக்கும் துடைப்பம் என்பதால் அதற்கு நீளக் கம்பு, கம்பு இருப்பதால் பிடிக்க ஓர் இடம். குனிந்து பெருக்கும் நம் ஈர்க்கில் வாரியலுக்குக் கம்பே கிடையாது. கட்டுதான் கைப்பிடி. அந்தப் பக்கத்துத் தாங்கி இந்தப் பக்கத்து வாரியலைப் பிடிக்கத் தெரியாமல் விழிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இது மட்டும் என்றால் வாயைப் பெரிதாக்கி முடித்துவிடலாம். அக்காவிடம் கேட்டபோதுதான் வேறொன்று தெரிந்தது. வைப்பர் விழுவது இருக்கட்டும், அவர் அந்தத் தாங்கியில் எதையும் மாட்டியதே இல்லை. ஏனென்று கேட்டேன். "ஒரு கையில வாளி இருக்கும், ஒரு கையில வாரியல் இருக்கும். அந்தச் சந்துக்க நேரா பிடிச்சு மேல தள்ளணும்னா மூணாவது கைக்கு எங்க போவேன் தம்பி?" என்றார்.

இந்த வேலையின் அளவுகோலே இதற்குப் பிறகு மாறிவிட்டது. தாங்கி எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பது இரண்டாம்பட்சம். ஈரக் கையால், ஒரே கையால், பார்க்காமல் திருப்பி வைக்க முடிகிறதா? முடியாவிட்டால் அது மூலைக்குத்தான் போகும்.

இடத்தைத் தீர்மானித்தது அத்தை

எங்கே மாட்டுவது என்பதில் எனக்கு வேலையே வைக்கவில்லை. "மக்களே, வாசல்ல நிக்கவங்க கண்ணுல வாரியல் படப்பிடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த வீட்டில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. ஆகவே பின்கதவுக்கு நேரே உள்ள சுவர் இல்லை என்றாகிவிட்டது. மிஞ்சியது கதவுக்கு வலப்பக்கம், துவைகல் வரை நீளும் சுவர். மேலே கூரை உண்டு, பக்கவாட்டில் திறந்தவெளி. காற்று வரும், மழைச் சாரலும் கொஞ்சம் வரும்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கினால், அக்டோபரில் வடகிழக்கு. நடுவில் வாரியல் காய்வதற்குக் கிடைக்கும் வெயில் குறைவு. அடைசலான அலமாரிக்குள்ளே வைத்தால் வாரியலின் கட்டுக்குள் பூஞ்சணம் பிடித்து, கயிறு இற்றுப்போகும். அத்தையின் சாத்திரமும் காற்றோட்டமும் ஒரே சுவரைக் காட்டியது என் அதிர்ஷ்டம்.

ஈர்க்கில் வாரியலை எப்படி வைப்பது

அதிக நேரம் எடுத்தது இதுதான். தென்னை ஓலையின் ஒவ்வொரு கீற்றிலிருந்தும் ஈர்க்கிலைச் சீவி எடுத்து, தடித்த முனைகளைச் சேர்த்துக் கட்டினால் வாரியல். முதிர்ந்த ஓலை ஒன்றில் இருநூறுக்கு மேல் கீற்று இருக்கும். புதிதாகக் கட்டும்போது ஈர்க்கிலில் ஈரம் இருக்கிறது. காயக் காய ஒவ்வொன்றும் துளி சுருங்குகிறது. நூற்றுக்கணக்கான ஈர்க்கில்கள் துளித்துளியாகச் சுருங்கினால் கட்டு மொத்தமும் தளர்ந்துவிடும். வாரியலைத் தலைகீழாகப் பிடித்து, அடிமுனையைத் தரையில் 'டக் டக்'கென்று தட்டிச் சமப்படுத்துவது இதனால்தான். ரொம்பவும் தளர்ந்தால் கட்டுக்கு நடுவில் ஒரு மரக்குச்சியை ஆப்பாக அடித்து இறுக்குவார்கள்.

இப்படிப்பட்ட பொருளை, அதன் கட்டைச் சுற்றிக் கயிறு போட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டால், தளர்ந்த ஈர்க்கில்கள் தம் எடையிலேயே ஒவ்வொன்றாகக் கீழே நழுவும். காலையில் பார்த்தால் நடுவிலிருந்து நாலைந்து குச்சிகள் மட்டும் நீண்டுகொண்டு நிற்கும். நுனி கீழே தரையில் படும்படி சாத்தி வைத்தால், நுனிகள் ஒரு பக்கமாக வளைந்து அப்படியே படிந்துவிடும். பிறகு பெருக்கும்போது குப்பை ஒரு பக்கமாக ஓடும்.

நுனி மேலே, கட்டு கீழே என்று ஒரு குவளையில் நிறுத்திவைக்கலாம். வளையாது, நழுவாது, இடமும் குறைவு. பொறியியலாகப் பார்த்தால் இதுவே சரி. ஆனால் ஈரம் முழுக்கக் கட்டுக்குள் இறங்கி, கயிற்றையும் ஈர்க்கிலின் அடியையும் அழுக வைக்கும். காலையில் கை வைத்தால் கைப்பிடி நசநசவென்று இருக்கும். போதாக்குறைக்கு, வாரியலைத் தலைகீழாக நிறுத்துவது ஆகாது என்று அத்தையும் அக்காவும் ஒரே குரலில் சொன்னார்கள். இருவரும் ஒத்துப்போன அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று.

பழைய வீடுகளில் வாரியலைக் கதவுக்குப் பின்னால் படுக்கப் போட்டிருப்பார்கள். தரையில் கிடப்பதால் ஈரமும் எறும்பும் சேரும் என்பது தவிர, அந்த நிலையில் வாரியலுக்கு ஒரு குறையும் இல்லை. எடை நீளவாக்கில் இழுக்காததால் ஈர்க்கில் நழுவாது, நுனியும் வளையாது. சரி, படுக்கவே வைப்போம், தரையில் இல்லாமல் சுவரில் வைப்போம் என்று தீர்மானம் ஆயிற்று.

இரண்டு வளையங்கள். கட்டுப் பக்கம் பிடிக்க ஒன்று, நுனிப் பக்கம் விரியும் இடத்தைத் தாங்க ஒன்று. இதற்கு பிவிசி பைப் துண்டுகள் போதும் என்று பட்டது. நம் ஊரில் பிவிசி பைப்பின் அளவு என்பது வெளிவிட்டம். 75 என்றால் வெளியே 75 மி.மீ. கட்டுப் பக்கத்துக்கு 75, நுனிப் பக்கத்துக்குக் கழிவுநீர்க் குழாயில் வெட்டிய 110. பிளம்பர்களிடம் இந்த மீதித் துண்டுகள் எப்போதும் கிடக்கும். ஆறு செ.மீ. அகலத்துக்கு வெட்டி, வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை மேலும் முன்னுமாக எடுத்துவிட்டால், சிறியதில் ஏறத்தாழ 65 மி.மீ. வாயும் பெரியதில் 95 மி.மீ. வாயும் கிடைக்கிறது. 50 மி.மீ. கட்டு 65 மி.மீ. வாய்க்குள் பார்க்காமல் போட்டாலும் விழும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் கையைக் கிழிக்கும்.

வளையத்தின் முதுகில் திருகு போட வேண்டும், ஆனால் வளையத்தில் மிஞ்சிய முன்பக்கம் ஸ்க்ரூ டிரைவரை மறைக்கும். முன்பக்கத்தில் நேரே ஒரு பெரிய துளை போட்டு, அதன் வழியாக டிரைவரை நுழைத்து முடுக்கினோம். ஒரே திருகு போட்டால் வளையம் சுழலும், அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அடியில் தண்ணீர் தங்காமல் இருக்க ஒரு சின்னத் துளை.

இரண்டு வளையங்களுக்கும் இடையே 40 செ.மீ. கட்டுப் பக்க வளையம் மற்றதைவிட 7 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அதாவது பத்து பாகை சரிவு. வாரியலில் உள்ள தண்ணீர் கட்டை விட்டு விலகி நுனி வழியாகச் சொட்டுவதற்காக இந்தச் சரிவு. இன்னும் கூட்டினால் ஈரத்தில் வாரியலே வழுக்கி இறங்குகிறது. தரையிலிருந்து 90 செ.மீ. உயரம், அக்காவின் இடுப்பளவு. அவர் ஐந்தடிக்குக் குறைவு. கையைத் தூக்காமல் அப்படியே கீழே விட்டுவிட்டுப் போகலாம்.

இதே போல இன்னொரு ஜோடி, துவைகல் வாரியலுக்கு, முப்பது செ.மீ. கீழே. கழிவறை வாரியல் இந்தச் சுவருக்கே வரவில்லை. கழிவறைக் கதவுக்கு வெளியே அதற்கு ஒரு தனி வளையம். அது கட்டையாகத் தேய்ந்திருப்பதால் ஒன்றே போதும்.

மற்றவை

நீளக் கம்பு உள்ளவற்றுக்கு ஒரு மரச் சட்டமும் சாய்ந்த குச்சிகளும். அயினி மரத்தில் பழைய சன்னல் சட்டம் ஒன்று வீட்டிலேயே கிடந்தது. வள்ளம் கட்டும் மரம், ஈரத்துக்கு அஞ்சாது. தச்சு வேலைக்கார அண்ணன் அதை 90 செ.மீ. நீளத்துக்கு, 20 மி.மீ. கனத்துக்கு இழைத்து, சற்று மேல்நோக்கிச் சாய்த்துத் துளை போட்டு, ஒன்பது செ.மீ. வெளியே நீளும் குச்சிகளை இறக்கினார்.

உருளைத் தாங்கிக்குப் பதிலாக வெறும் குச்சி என்றால், மாட்டுவதற்குக் கண்ணி வேண்டும். வைப்பர், மாப், பூ வாரியல் எல்லாவற்றின் தலையிலும் பிளாஸ்டிக் மூடியில் ஒரு துளை உண்டு. ஆனால் அது சுண்டுவிரல் கூட நுழையாத துளை. குச்சியைத் தேடிப் பிடித்து மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும். அந்த மூடியும் குழாயில் வெறுமனே செருகியிருப்பதுதான், சில மாதங்களில் கையோடு வந்துவிடும். ஆகவே மூடிகளை விட்டுவிட்டு, குழாயின் குறுக்கே துளையிட்டு, நைலான் கயிற்றில் ஒரு சாண் சுற்றளவுக்குக் கண்ணி கட்டினோம். பூ வாரியலுக்குப் பிளாஸ்டிக் பிடியைச் சுற்றி ஒரு முடிச்சு. கண்ணி இவ்வளவு பெரிதாக இருந்தால், கையை வீசும் போக்கிலேயே குச்சியில் விழுந்துவிடுகிறது. தாங்கியைச் சிக்கலாக்குவதை விடக் கயிற்றைப் பெரிதாக்குவது எளிது என்பது எனக்குப் பிடித்துப்போன விஷயம். தச்சர் அண்ணனுக்கு இதில் திருப்தி இல்லை. "இதுக்கு எதுக்கு என்னைய கூப்பிட்டீங்க" என்றார்.

குச்சிகளின் உயரம் 135 செ.மீ. பூ வாரியல் 115, கண்ணி பத்து, நுனிக்கும் தரைக்கும் நடுவே பத்து. பூ வாரியலுக்கு இந்த இடைவெளி அவசியம். தரையில் ஊன்றினால் அதன் பூ ஒரே வாரத்தில் மடங்கிவிடும், அப்புறம் எத்தனை உதறினாலும் நிமிராது. வைப்பரை ஓரத்துக் குச்சியில் மாட்டினோம், அதன் தலை நாற்பது செ.மீ. அகலம் என்பதால் நடுவில் மாட்டினால் இரண்டு பக்கத்தையும் இடிக்கும்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சு பழையது, விரலால் தட்டினாலே சில இடத்தில் 'பொத்' என்று சத்தம் வந்தது. பூச்சில் மட்டும் பிடிக்கும் திருகு ஒரு மழைக்காலம் தாங்காது. சட்டம் 20 மி.மீ., சுவரிலிருந்து தள்ளி நிற்க வைத்த மரத்துண்டு 12, பூச்சு பதினைந்திலிருந்து இருபது. எல்லாம் போகச் செங்கல்லுக்குள் ஓர் அங்குலமாவது போக வேண்டும் என்றால் மூன்று அங்குலத் திருகு வேண்டும். கடையில் தாங்கியோடு தரும் ஒன்றரை அங்குலத் திருகு இங்கே வேலைக்கு ஆகாது. எடையைப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து நாலு கிலோ கூட வராது, ஈர மாப் உட்பட. பிரச்சினை இழுப்புதான். அவசரத்தில் கண்ணியைத் தூக்காமல் நேரே கீழே இழுக்கிறார்கள், அதற்குத்தான் நாலு திருகு. காற்று உப்புக் கலந்தது என்பதால் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் தள்ளி வைத்ததற்கு இன்னொரு பயன் பின்னால் தெரிந்தது. பல்லி ஒளிய இடம் கிடைக்குமே என்று அத்தை பயந்தார். அந்த இடைவெளியில் வெளிச்சம் போகிறது. பல்லிக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது.

பயன்பாட்டில் நடந்தது

தென்மேற்கு மழை முழுக்க ஓடி முடிந்தபின் போய்ப் பார்த்தேன். படுக்க வைத்த முற்றத்து வாரியலின் கட்டு காய்ந்திருந்தது, கயிறு கறுக்கவில்லை. நுனிகள் நேராக இருந்தன. துவைகல் வாரியலுக்குக் கொடுத்த கீழ் ஜோடியில் முறத்தைச் செருகி வைத்திருந்தார் அக்கா. வாரியல் துவைகல்லின் மேலேயே கிடந்தது. அது நாள் முழுக்க நனைந்துகொண்டே இருக்கும் பொருள், எடுத்த இடத்துக்கும் வைக்கும் இடத்துக்கும் நடுவே நாலடி நடப்பது அவருக்குத் தண்டம். முறம் அந்த வளையங்களில் கச்சிதமாக நின்றது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மாப்புக்கு ஒதுக்கிய நடுக் குச்சியில் வைப்பர் தொங்கியது, மாப் ஓரத்துக்குப் போயிருந்தது. ஈர மாப்பின் நூல்கள் காற்றில் ஆடி வாரியலின் பூவை நனைத்ததாம். அதனால் இரண்டுக்கும் நடுவே வைப்பரை மாட்டியிருந்தார். வைப்பரின் அகலத் தலை பூ வாரியலை இடிக்கும் என்று நான் வைத்த கணக்கை, தலையைச் சுவருக்குச் செங்குத்தாகத் திருப்பித் தொங்கவிட்டு அவர் தீர்த்துக்கொண்டார். கயிற்றுக் கண்ணி என்பதால் அது எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கிறது.

ஒட்டடைக் கம்பு மட்டும் இன்னும் மூலையில்தான். மடக்கினாலும் அது ஆளைவிட உயரம், 135 செ.மீ. உயரத்தில் உள்ள குச்சியில் தொங்காது. படுக்க வைக்கலாம் என்றால் சுவரின் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பொருளுக்குச் சுவரைக் கொடுப்பதா என்று கேட்டார் மாமா. ஓட்டுக்குக் கீழே உள்ள உத்தரத்தில் இரண்டு கொக்கி அடித்து மேலே ஏற்றிவிடலாம். ஏணி எடுக்க யாருக்கும் இன்னும் வேளை வரவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இதே வேலையைச் செய்வதென்றால், பெரும்பாலும் டைல்ஸ் சுவராக இருக்கும். டைல்ஸின் இணைப்புக் கோட்டில் துளையிட்டால் டைல் உடையும் பயம் குறைவு. வாடகை வீடு, துளை போடக் கூடாது என்றால், பசைப் பட்டை டைல்ஸில் நன்றாகவே ஒட்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் சுண்ணாம்போடு பெயர்ந்து வந்துவிடும். வாரியல் நீளத்தை முதலில் அளந்துகொண்டு, அதில் பாதி தூரத்துக்கு வளையங்களை வைத்தால் போதும். வாரியல் தேய்ந்து குட்டையாகும்போது நுனிப் பக்க வளையத்தைக் கட்டுப் பக்கம் நகர்த்த வேண்டி வரும், அதனால் சுவரில் அந்த வளையத்துக்கு இரண்டாவதாக ஒரு ஜோடித் துளையையும் அப்போதே போட்டு வைத்துவிடுங்கள்.